சேற்றில் இறங்கிய எருது
கவிதையின் கருப்பொருளும் உவமையும்

க.பொ.த. சாதாரண தரத்தில் தமிழ் இலக்கியம் கற்கும் பிள்ளையிடம், “இச்செய்யுளின் கருப்பொருள் யாது?” என்று கேட்டுப் பாருங்கள். “விடாமுயற்சி” என்று ஒரே சொல்லில் விடை வரும். அது கருப்பொருள் அன்று, தலைப்பு மாத்திரமே. விடாமுயற்சியைக் குறித்துப் புலவர் என்ன சொல்கின்றார் என்பதே கருப்பொருள். அதை ஒரு முழு வாக்கியமாகச் சொல்ல முடியாத பிள்ளை, செய்யுளை மனனஞ் செய்திருக்கலாம், விளங்கிக்கொள்ளவில்லை.

உதாரணமாகத் திருக்குறளில் ‘இடுக்கண் அழியாமை’ என்னும் 63ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நான்காம் குறள், அதாவது 624ஆவது, துன்பத்தில் தளராதவனுக்குப் பகட்டை, அதாவது வண்டில் இழுக்கும் எருதை, உவமையாக்குகின்றது. (எம் வீரமாமுனிவர் 1730ஆம் ஆண்டில் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தபோது, பொருட்பாலைச் சேர்ந்த இக்குறளும் அம்மொழிக்குச் சென்றது.) இக்குறளில் வரும் ‘வாய்’ என்னும் சொல்லை முகத்திலுள்ள வாய் என்று கொண்டு தடுமாறும் பிள்ளைகள் உண்டு. இங்கே வாய் என்பது இடம். தடைப்பட்ட இடங்களிலெல்லாம் எருதைப்போல் முயல்பவனுக்கு வந்த துன்பம், தானே துன்பப்பட்டுப் போகும் என்பதே குறளின் பொருள்.

உவமையை ஆராயும்போது மூன்றைத் தேட வேண்டும். எருது உவமானம்; முயற்சியுடையவன் உவமேயம்; இரண்டுக்கும் உள்ள பொதுத்தன்மை யாது என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதிலேதான் கவிதை இருக்கின்றது. “எருது பலமுள்ளது” என்று எழுதி முடித்துவிடலாகாது. பலந்தான் கருத்தென்றால் புலவர் யானையைச் சொல்லியிருப்பார். மாரிகாலத்து வயற்பாதையில் நெல் மூட்டை ஏற்றிய வண்டில் அச்சுவரை புதைந்து நிற்பதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். எருது அங்கே வேகங் காட்டுவதில்லை. பரிமேலழகர் தம் உரையில், பக்கத்தை அழுத்தியும் மூக்கை நிலத்தில் ஊன்றியும் கால் மடங்கித் தவழ்ந்தும் அது இழுப்பதாக விவரிக்கின்றார். விழுந்தும் இழுக்கின்றது என்பதே பொதுத்தன்மை. ஆகவே கருப்பொருளை இப்படி எழுதலாம்: தளராமை என்பது விழாமை அன்று, விழுந்த நிலையிலும் பாரத்தை விடாமை.

இதே குறளில் இன்னொன்றும் உண்டு. ‘அன்னான்’ என்பதிலுள்ள ‘அன்ன’ உவம உருபு. ஆதலால் எருது உவமை. துன்பமே துன்பப்படும் என்னுமிடத்திலோ உருபு இல்லை, ‘போல’ இல்லை. உயிரற்ற துன்பத்தை உயிருள்ள ஓர் எதிரியாகவே ஆக்கிவிட்டார் வள்ளுவர். இது உருவகத்தின் வேலை. முந்திய 623ஆம் குறளும் இதே கருத்தைத்தான் சொல்கின்றது. ‘இடும்பை’ என்ற சொல்லை நான்கு முறை அடுக்கிச் சாமர்த்தியமாகவே சொல்கின்றது. எனினும் செவியில் நிற்பது 623. நெஞ்சில் நிற்பது 624. எருது வந்ததால் நேர்ந்த வேறுபாடு அது.

உவமை மாறினால் போதனையும் மாறும் என்பதற்கு எமது வேதாகமமே சாட்சி. எபிரேயர் திருமுகம் 12ஆம் அதிகாரம் விடாமுயற்சியை ஓட்டப் பந்தயமாகக் காட்டுகின்றது. புனித சின்னப்பரும் தம் ஓட்டத்தை முடித்ததாகத் திமோத்தேயுவுக்கு எழுதுகின்றார். ஓடுபவன் சுமைகளை உதறிவிட வேண்டும் என்கின்றது எபிரேயர் திருமுகம். எருதோ சுமையை உதற முடியாது. சுமைக்காகவே அது பாதையில் நிற்கின்றது. பாவத்தை விட்டொழிக்கப் போராடும் ஒருவனுக்கு ஓட்டக்காரன் பொருத்தமான உருவகம். படுக்கையில் கிடக்கும் பிள்ளையைப் பல ஆண்டுகளாகப் பராமரிக்கும் தாயிடம் சுமையை உதறு என்று சொல்லலாமா? அவளுக்கு எருதே அருகில் நிற்கும். மத்தேயு 11ஆம் அதிகாரத்தில் எம் ஆண்டவர் சுமை சுமப்போரை அழைத்து நுகத்தைப்பற்றிப் பேசுகின்றார். நுகம் வழமையாக இரண்டு மாடுகளைப் பிணைப்பது என்பதை நினைவிற் கொண்டு அப்பகுதியை வாசியுங்கள்.

எந்த உவமையும் எல்லா இடத்திலும் ஒட்டாது. எருது தன் பாரத்தைத் தெரிந்தெடுப்பதில்லை. அதன் முதுகில் சாட்டையும் உண்டு. தம் உறவினரை இழந்து நிற்போரிடம் இக்குறளைச் சாட்டையாக வீசுவது பெரும் பிழை. இதே அதிகாரத்தின் முதற் குறள் துன்பம் வரும்போது சிரிக்கச் சொல்கின்றது. அதை நான் சாவீட்டில் சொல்லத் துணியேன். லாசருவின் கல்லறையருகே எம் ஆண்டவர் கண்ணீர் விட்டாரேயன்றிச் சிரிக்கவில்லை.

பெற்றோர் வீட்டிலே ஒரு பயிற்சி செய்விக்கலாம். 595ஆம் குறளில் நீரின் ஆழத்துக்கேற்ப நீளும் மலர்த்தண்டும், 597ஆம் குறளில் உடலெங்கும் அம்பு தைத்தும் தளராது நிற்கும் யானையும் வருகின்றன. யானை நிற்கின்றது, எருது நகர்கின்றது, மலரோ வளர்கின்றது. மூன்றின் கருப்பொருளையும் மூன்று முழு வாக்கியங்களாகப் பிள்ளைகள் தாமே எழுதட்டும். ‘விடாமுயற்சி’ என்ற சொல்லை மூன்றிலும் பயன்படுத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.