கடைக் கணக்கைப் பேச வைக்கும் இலவச மென்பொருள்கள்

வியாபாரிகளாகிய எம்மிடம் கணக்கு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. பில் புத்தகம், கடன் கொப்பி, காசோலை விபரம், களஞ்சியக் குறிப்பு என எல்லாமே இருக்கின்றன. இன்று பல கடைகளில் கணனியிலேயே பில் போடுகிறார்கள். ஆனால் இந்தக் கணக்குகளை நாம் எதற்குப் பாவிக்கிறோம்? யார் எமக்குத் தர வேண்டும், நாம் யாருக்குக் கொடுக்க வேண்டும், வரிக்கு எவ்வளவு காட்ட வேண்டும் என்பவற்றுக்கு மட்டுமே. வருடம் முடிந்ததும் அவை பெட்டிக்குள் போய்விடுகின்றன.

அடுத்த சீசனுக்கு எவ்வளவு சரக்கு எடுப்பது என்ற கேள்வி வரும்போது அந்தப் பெட்டியைத் திறப்பவர் மிகக் குறைவு. "போன வருஷம் நல்லாப் போச்சு, இந்த முறை கொஞ்சம் கூட்டி எடுப்போம்" என்று மனக்கணக்கில் ஓடர் கொடுக்கிறோம். அதற்குப் பின்திகதியிட்ட காசோலைகளையும் எழுதிக் கொடுக்கிறோம். சரக்கு போனாலும் போகாவிட்டாலும் காசோலையின் திகதி மட்டும் தவறாமல் வந்து நிற்கும். நல்ல நிலையில் இருந்த கடைகள் கூட இந்த ஒரு இடத்தில்தான் சறுக்குகின்றன.

இந்தக் கேள்விக்கு விடை தேட உதவும் மென்பொருள்கள் இன்று ஒரு சதமும் செலவில்லாமல் கிடைக்கின்றன. அவற்றை அறிமுகப்படுத்துவதும், அவற்றைக் கொண்டு என்ன கேட்க வேண்டும் என்று காட்டுவதுமே இந்த வாரப் பாடம்.

இலவசம் என்றால் தரம் குறைந்ததா?

இந்த விடயத்தை ஒரு மொத்த வியாபாரியிடம் சொன்னபோது, "தம்பி, சும்மா தாற சாமானுக்குப் பின்னால ஏதாச்சும் இருக்குமே" என்றார் அந்த நானா. வியாபாரிக்கு வர வேண்டிய சந்தேகம்தான் அது. அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன்.

நியூஸிலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்கா, ரொபர்ட் ஜென்டில்மன் என்ற இரு ஆசிரியர்கள் 1990களின் ஆரம்பத்தில் புள்ளிவிபரக் கணிப்புக்காக ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். இருவரது பெயர்களின் முதலெழுத்தையும் கொண்டு அதற்கு 'ஆர்' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1976 இல் ஜோன் சேம்பர்ஸும் அவரது குழுவினரும் தொடங்கிய 'எஸ்' என்ற மொழியே அதற்கு முன்னோடி. 1995 இல் ஆர் திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. 2000 பெப்ரவரி 29 இல் அதன் 1.0.0 பதிப்பு வந்தது. இன்று உலகெங்குமுள்ள பல்கலைக்கழகங்களும் மருந்துக் கம்பனிகளும் வங்கிகளும் அதைப் பாவிக்கின்றன. பலரும் எழுதிச் சேர்த்த துணைப் பொதிகள் மட்டும் 20,000ஐத் தாண்டிவிட்டன.

திறந்த மூலம் என்றால் அந்த மென்பொருள் எழுதப்பட்ட விதத்தை யாரும் திறந்து பார்க்கலாம், பாவிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். பூட்டிய பெட்டிக்கும் கண்ணாடி அலுமாரிக்கும் உள்ள வித்தியாசம் போன்றது இது. எமது நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கணனித் தொண்டர்கள் 'சஹானா' என்ற நிவாரண முகாமைத்துவ மென்பொருளைத் திறந்த மூலமாக எழுதினார்கள். 2005 இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அங்கும் அது பாவிக்கப்பட்டது. அதற்கு யாரும் விலை கேட்கவில்லை.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. விலை கூடிய மென்பொருளைக் கள்ளப் பிரதியாகக் கணனியில் ஏற்றிப் பாவிப்பது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்துக்கு மாறானது. கள்ளப் பிரதியுடன் வைரஸும் சேர்ந்து வரலாம். உரியவர்களே அனுமதித்துக் கொடுக்கும் ஒன்று இருக்கும்போது அந்தச் சிக்கல் எமக்கு எதற்கு? அத்துடன் இவை உங்கள் கணனியிலேயே இயங்குபவை. கடைக் கணக்கை வெளியே எங்கும் அனுப்பத் தேவையில்லை.

எந்த மென்பொருள் எதற்கு?

எக்ஸல் பழகியவர்களுக்கு 'லிப்ரே ஒபிஸ் கல்க்' மிக இலகு. பதிவதும் கூட்டுவதும் வரைபடம் போடுவதும் அதிலேயே முடியும். சிறிய கடைக்கு இதுவே போதும்.

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற கட்டண மென்பொருளைப் பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருக்கலாம். அதைப் போன்றே அமைந்த இலவச மென்பொருள் 'பி.எஸ்.பி.பி.' கட்டளை எழுதாமல் மவுஸைச் சொடுக்கியே வேலை செய்ய 'ஜமோவி', 'ஜாஸ்ப்' ஆகியன இருக்கின்றன. காலவாரியான விற்பனைப் போக்கை ஆராய 'கிரெட்ல்' பொருத்தமானது.

இவை எல்லாம் செய்வதையும் இவற்றுக்கு மேலும் செய்வது ஆர். ஆனால் அதில் கட்டளைகளை எழுதப் பழக வேண்டும். முதலாளி தானே பழகத் தேவையில்லை. கணிதம் படித்த மகனோ மகளோ, கணக்கு எழுதும் பிள்ளையோ சில வாரங்களில் அடிப்படையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் என்ன கேட்பது என்பதை முதலாளிதான் சொல்லிக் கொடுக்க வேண்டும். பின்வரும் நான்கு பாடங்களும் அதற்காகவே.

பாடம் 1: பூச்சியமும் வெற்றிடமும் ஒன்றல்ல

ஒரு சாமான் ஆறு நாட்களில் 10, 12, 11, 0, 0, 9 என்று விற்றதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 42. ஆறால் பிரித்தால் நாளொன்றுக்கு 7. ஆனால் நடுவில் இரண்டு நாட்கள் விற்காமல் போனது ஏன்? சாமான் முடிந்துபோனதால் என்றால் அந்த இரு நாட்களும் கணக்கில் சேரக் கூடாது. 42ஐ நான்கால் பிரித்தால் 10.5 வருகிறது. 7 என்று நம்பி ஓடர் கொடுப்பவருக்கு மீண்டும் சாமான் முடியும். வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார்.

எனவே சாமான் இல்லாத நாளில் பூச்சியம் எழுதாமல் வெற்றிடமாக விட வேண்டும். கல்க் வெற்றிடத்தைச் சராசரியில் சேர்க்காது. ஆர் இன்னும் கண்டிப்பானது. விடுபட்ட பதிவு என்று குறித்திருந்தால், அதை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடு என்று நீங்கள் சொல்லும் வரை சராசரியைத் தராது.

பாடம் 2: எந்த மாதத்தை எந்த மாதத்துடன் ஒப்பிடுவது?

எமது வியாபாரத்துக்கு மிக முக்கியமான பாடம் இது. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள். ஆகவே பெருநாள் வருடாவருடம் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னோக்கி வருகிறது. இலங்கையில் நோன்புப் பெருநாள் 2023 இல் ஏப்ரல் 22, 2024 இல் ஏப்ரல் 10, 2025 இல் மார்ச் 31 ஆகிய தினங்களில் வந்தது. சித்திரைப் புத்தாண்டோ ஏப்ரல் 13, 14 ஐ விட்டு நகர்வதில்லை.

ஒரு புடவைக் கடைக்காரர் 2024 ஏப்ரல் விற்பனையை 2025 ஏப்ரல் விற்பனையுடன் ஒப்பிட்டால் என்ன நடக்கும்? 2025 இல் பெருநாள் விற்பனை முழுவதும் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. ஏப்ரல் கணக்கு விழுந்தது போல் தெரியும், மார்ச் கணக்கு பாய்ந்தது போல் தெரியும். இரண்டும் உண்மையல்ல.

இதற்கு வழி இலகுவானது. ஒவ்வொரு பில்லின் திகதிக்கும் பக்கத்தில் "பெருநாளுக்கு எத்தனை நாள்" என்று இன்னொரு நிரலைச் சேருங்கள். பெருநாள் திகதியிலிருந்து பில் திகதியைக் கழித்தால் மென்பொருளே எண்ணைத் தந்துவிடும். பின்னர் பெருநாளுக்கு முந்திய ஆறாம் வாரம், ஐந்தாம் வாரம் என்று வாரம் வாரமாக மூன்று வருடங்களையும் ஒப்பிடுங்கள். எந்த வாரத்தில் சிறுவர் ஆடை போகிறது, எந்த வாரத்தில் துணி போகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

2024 இல் இரண்டு பண்டிகைகளும் மூன்று நாள் இடைவெளியில் வந்தன. அந்த விற்பனையில் எது பெருநாளுக்கு, எது புத்தாண்டுக்கு என்று அந்த ஒரு வருடத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பல வருடப் பதிவு இருந்தால் ஆர், கிரெட்ல் போன்றவை 'ரிக்ரெஷன்' என்ற முறையால் ஓரளவு பிரித்துக் காட்டும்.

பாடம் 3: ரூபாவை மட்டும் பார்க்காதீர்கள்

கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. அந்தக் காலத்தில் முந்திய வருடத்தை விட ரூபாவில் அரைவாசி கூடுதலாக விற்ற கடை கூட, சாமான் கணக்கில் குறைவாகவே விற்றிருக்கலாம். எனவே ஓடருக்கான கணக்கை மூடை, துண்டு, மீற்றர் என்று எண்ணிக்கையில் வையுங்கள். ரூபாவில் ஒப்பிட வேண்டுமானால் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாதாமாதம் வெளியிடும் சுட்டெண்ணைக் கொண்டு விலை உயர்வைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

பாடம் 4: சராசரி ஏமாற்றும்

கடனுக்குக் கொடுத்த காசு எத்தனை நாளில் திரும்பும் என்று தெரியாமல் காசோலைக்குத் திகதி போட முடியாது. பத்து வாடிக்கையாளர்களில் ஒன்பது பேர் 30 நாட்களிலும் ஒருவர் 300 நாட்களிலும் தந்தால் சராசரி 57 நாட்கள். ஆனால் 57 நாளில் தந்தவர் ஒருவருமே இல்லை! பாடசாலையில் 'இடையம்' என்று படித்தோமே, வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுப்பது. அது இங்கே 30. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். கடன் கொடுக்கும் முறை மொத்தத்தில் பிழையில்லை, சிக்கல் ஒருவரிடம்தான் இருக்கிறது.

செய்த வழி தெரிய வேண்டும்

ஆரில் ஒவ்வொரு படியும் எழுத்தில் இருக்கும். எந்த நிரலை எடுத்தோம், எதை விட்டோம், எப்படிப் பிரித்தோம் என்பதை நாளை இன்னொருவர் வாசித்துச் சரிபார்க்கலாம். அட்டவணையில் மவுஸால் இழுத்துச் செய்யும் வேலைக்கு இந்தத் தடயம் குறைவு.

இதன் பெறுமதியை 2013 இல் உலகமே பார்த்தது. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரொகொஃப் என்ற பிரபல பொருளியலாளர்கள் அரச கடன் பற்றி 2010 இல் எழுதிய கட்டுரையின் எக்ஸல் கோப்பை தோமஸ் ஹேர்ண்டன் என்ற மாணவர் ஆராய்ந்தார். சராசரி எடுக்கும்போது ஐந்து நாடுகளின் வரிகள் விடுபட்டிருந்தன. அந்தப் பிழையையும் வேறு சில தெரிவுகளையும் திருத்தியபோது, கடன் மிகக் கூடிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 இலிருந்து 2.2 சதவீதமாக மாறியது. பேராசிரியர்களுக்கே இப்படி நடக்கும் என்றால் அவசரத்தில் கணக்குப் பார்க்கும் எமக்கு நடக்காதா?

எங்கிருந்து தொடங்குவது?

முழுக் கடையையும் ஒரேயடியாகக் கணனியில் ஏற்ற முயல வேண்டாம். உங்கள் காசு அதிகம் முடங்கும் பத்துச் சாமான்களை மட்டும் தெரிவு செய்யுங்கள். கடந்த மூன்று சீசன்களின் பில்களிலிருந்து திகதி, சாமான், எண்ணிக்கை, விலை, கையில் இருந்ததா இல்லையா என்ற ஐந்து விபரங்களைப் பதியுங்கள். ஒரு சாமானுக்கு ஒரே பெயரைப் பாவியுங்கள். 'சீனி', 'வெள்ளைச் சீனி', 'சீனி 50' என்று மூன்று விதமாக எழுதினால் மென்பொருள் அவற்றை மூன்று சாமானாகவே எண்ணும். மென்பொருளை அதனதன் உத்தியோகபூர்வ இணையத்தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்கம் செய்யுங்கள். கோப்பின் ஒரு பிரதியை வேறோர் இடத்திலும் வையுங்கள்.

மூன்று சீசன் என்பது மூன்று அனுபவம்தான். அதிலிருந்து வரும் எண்ணை எல்லையாக வைத்துக்கொள்ளலாம், உத்தரவாதமாக எடுக்க முடியாது. சந்தை நிலவரம், டொலர் விலை, வாடிக்கையாளர் முகம் ஆகியவற்றைப் பார்த்து இறுதி முடிவை எடுக்க வேண்டியவர் நீங்கள்தான். ஆனால் அடுத்த முறை விற்பனைப் பிரதிநிதி ஓடர் புத்தகத்தைத் திறந்து "இந்த முறை எவ்வளவு போடட்டும்?" என்று கேட்கும்போது, அவர் சொல்லும் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க உங்களிடமும் ஓர் எண் இருக்கும்.