ஆயிரம் ஆண்டு அரசாட்சி: ஒரு வினைச்சொல்லைச் சுற்றிய விவாதம்

விவிலியத்தின் இறுதி நூலாகிய 'வெளிப்படுத்தின விசேஷ'த்தின் 20-ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி காணப்படுகிறது. தேவதூதன் ஒருவன் சாத்தானைச் சங்கிலியால் கட்டிப் பாதாளத்தில் அடைக்கிறான். இயேசுவின்பொருட்டுச் சிரச்சேதம் செய்யப்பட்டவர்கள் உயிர்பெற்று, கிறிஸ்துவோடு ஆயிரம் ஆண்டுகள் அரசாளுகின்றனர். ஆயிரம் ஆண்டுகள் என்னும் தொடர் 2 முதல் 7 வரையுள்ள வசனங்களில் ஆறு முறை வருகிறது. கிறிஸ்துவின் அரசாட்சிக்கு இவ்வாறு ஆண்டுக்கணக்குக் கூறும் பகுதி விவிலியத்தில் வேறெங்கும் இல்லை.

இந்த ஆறு வசனங்களே திருச்சபையை மூன்று அணிகளாக்கின. கிறிஸ்து முதலில் திரும்பி வந்து, பின்னர் பூமியில் ஆயிரம் ஆண்டுகள் ஆள்வார் என்பது ஓர் அணி. நற்செய்தி பரவி உலகம் படிப்படியாகச் சீர்பெறும். அந்தப் பொற்காலத்தின் முடிவில் அவர் வருவார் என்பது மற்றோர் அணி. ஆயிரம் என்பது உருவக எண். திருச்சபையின் இன்றைய காலமே அந்த அரசாட்சி என்பது மூன்றாவது.

இந்த மூன்றாவது கருத்தை நிலைநாட்டியவர் புனித அகஸ்டின். தாமும் ஒரு காலத்தில் முதல் கருத்தையே கொண்டிருந்ததாக அவர் 'கடவுளின் நகரம்' நூலில் ஒளிக்காமல் எழுதுகிறார். பூமியில் வரப்போகும் பெருவிருந்துகளைப் பற்றிச் சிலர் அளவின்றிப் பேசியதே அவரை விலகச் செய்தது. பத்தைப் பத்தால் பெருக்கி மீண்டும் பத்தால் பெருக்கினால் வருவது ஆயிரம். ஆகவே அது முழுமையைக் குறிக்கும் எண்ணாகலாம் என்றார். 'முதலாம் உயிர்த்தெழுதல்' என்பது பாவத்தில் மாண்ட ஆன்மா இப்போதே விழித்தெழுவது. உடலின் உயிர்த்தெழுதல் இறுதிநாளுக்குரியது. யோவான் நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்திலும் இவ்விரு எழுச்சிகளும் அடுத்தடுத்துக் கூறப்படுவதை அவர் சான்றாகக் காட்டினார்.

இங்கேதான் சிக்கல். 4-ஆம் வசனத்தில் இரத்தசாட்சிகளுக்கும், 5-ஆம் வசனத்தில் மற்ற மரித்தோருக்கும் கிரேக்க மூலம் ஒரே வினைச்சொல்லைக் கையாளுகிறது. முதலில் ஆன்மாவின் எழுச்சி, அடுத்த வரியில் உடலின் எழுச்சி என்று பொருள் கொண்டால் மொழிக்கே பொருளில்லாமல் போகும் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஹென்றி ஆல்ஃபோர்டு வாதிட்டார். எளிதில் தள்ளிவிட முடியாத வாதம் இது. ஆனால் யோவான் கண்டதாகச் சொல்வது ஆத்துமாக்களை அல்லவா என்பது எதிரணியின் பதில். அதுவும் வசனத்திலேயே இருக்கிறது.

ஒரு சொல்லுக்காக இத்தனை வாதமா எனத் தோன்றலாம். இந்த உலகம் திருந்துமா, அல்லது அழிவை நோக்கித்தான் செல்கிறதா என்னும் வினா அதில் அடங்கியுள்ளது. உலகம் சீர்பெறும் என நம்பிய அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ், அதற்காகச் சபைகள் ஒன்றுபட்டு ஜெபிக்குமாறு ஒரு நூல் எழுதினார். 1789-இல் இங்கிலாந்தில் மறுபதிப்பான அந்நூலால் தூண்டப்பெற்ற வட்டத்திலிருந்தே வில்லியம் கேரி 1793-இல் வங்காளம் வந்தார். 1914-இல் தொடங்கிய முதல் உலகப்போர் அந்த நம்பிக்கையைப் பெரிதும் தளர்த்தியது. 1909-இல் வெளியான ஸ்கோஃபீல்டின் குறிப்புரை விவிலியமோ முதல் கருத்தின் ஒரு வடிவத்தை இல்லந்தோறும் கொண்டுசென்றது.

இவ்விவாதத்தின் மிகப் பழைய பதிவுகளுள் ஒன்று 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜஸ்டினுடையது. புதுப்பிக்கப்பட்ட எருசலேமில் ஆயிரம் ஆண்டு வாழ்வு உண்டு என உறுதியாக நம்பியவர் அவர். எனினும் தூய பக்தியுடைய கிறிஸ்தவர் பலர் வேறுவிதமாகக் கருதுகின்றனர் என்பதையும் அதே பக்கத்தில் எழுதி வைத்தார்.