ரவுலா வாசல் வேலைக்கு வரும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு நாகூருக்கே வந்து தர்கா வேலையில் சேர்வது என்று முடிவாகிவிட்டதாக உன் உம்மாவும் சொன்னாள். சம்பளம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டிருந்தால் நாலு வரியில் முடித்திருப்பேன். நீ கேட்டிருப்பது வேறு. இத்தனை வருஷம் எஜமான் அடங்கியிருக்கிற ரவுலா வாசலில் நின்றீர்களே மாமா, என்ன கண்டீர்கள் என்கிறாய்.

உனக்கு ஏமாற்றமாக இருக்கப்போவதை முதலில் சொல்லிவிடுகிறேன். எஜமானை நான் கனவில் கண்டதில்லை. நடுஜாமத்தில் உள்ளேயிருந்து குரல் கேட்டதில்லை. திடீரென்று அத்தர் வாடை வீசியிருக்கிறது. யாராவது அத்தர் பூசிக்கொண்டு பக்கத்தில் நின்றிருப்பார்கள். கண்டேன், கேட்டேன் என்று சொல்கிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு நேரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஜியாரத்துக்கு வருகிறவர்கள் உன்னிடம் இதைத்தான் கேட்பார்கள். 'பாய், நீங்க இங்கேயே இருக்கீங்க, ஏதாவது பார்த்திருக்கீங்களா?' கேட்கிறவர் முகத்தில் தெரிகிற ஆசையைப் பார்த்ததும் ஒரு கதை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிடும். விழுங்கிவிடு. அந்தக் கதைக்கு அன்றைக்கே ஐம்பது ரூபாய் கிடைக்கும். மறுநாள் இன்னொரு கதை வேண்டியிருக்கும்.

எஜமானின் கராமத்துகளைச் சொல்வதற்குத் தடையில்லை. குலாம் காதிறு நாவலர் 'கன்ஜுல் கராமத்து' என்று தனி நூலே செய்துவைத்திருக்கிறார். அரண்மனைப் புறாவின் உடம்பில் குத்தியிருந்த ஊசிகளை எடுத்து, தஞ்சை அச்சுதப்ப நாயக்கரின் நோயைத் தீர்த்தார்கள் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். கப்பல் கதையும் அப்படித்தான். எஜமான் சவரம் செய்துகொண்டிருக்கிறார்கள். நடுக்கடலில் ஒரு கப்பல் ஓட்டையாகி முழுகப் பார்க்கிறது. நாவிதர் கையில் இருந்த கண்ணாடியை வாங்கி வீசுகிறார்கள்; அது போய் ஓட்டையை அடைக்கிறது. கேட்டால் சொல். 'என்று சொல்வார்கள்' என்பதையும் கூடவே சேர்த்துச் சொல்.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர், கண்ணாடியைப் பறிகொடுத்த நாவிதர்தான். அவருக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி போயிற்று, வேலை பாதியில் நின்றது, மனசுக்குள் கொஞ்சம் முணுமுணுத்திருப்பார். கப்பல்காரர்கள் கரைக்கு வந்து சொன்ன பிறகுதான் விஷயமே விளங்கியது. வாசலில் நிற்கிற நமக்கும் அதே நிலைதான். நடப்பது பக்கத்திலேயே நடக்கும், நமக்குத் தெரியாது. தெரியாமலே நிற்பதற்கு உனக்குச் சம்மதமா என்பதைத்தான் வருவதற்கு முன்னால் நீ யோசிக்க வேண்டும்.

உள்ளே போகும் உரிமை சாஹிபுமார்களுடையது. எஜமானின் வளர்ப்பு மகன் யூசுப் சாஹிபு வழி வந்தவர்கள் அவர்கள். எஜமானும், யூசுப் சாஹிபும், யூசுப் சாஹிபின் மனைவியும் அடங்கியிருக்கிற இடத்துக்கு வெளியே நமக்குப் படியும் கதவும் முற்றமும். அது குறைவு என்று நினைக்காதே. வெள்ளித் தகடு போர்த்திய கதவைத் துடைக்கிற வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. வியாழன் மஃரிபோடு வெள்ளி இரவு தொடங்கிவிடும்; கூட்டம் நெரியும். விடிந்ததும் கதவைப் பார். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், தவழ்கிற பிள்ளைகளின் ஐந்து விரலும் பதிந்திருக்கும். அதற்கு மேலே, உட்கார்ந்தபடியே நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதவர்களின் எண்ணெய்ப் பிசுக்கு வட்டம் வட்டமாக இருக்கும். அதற்கும் மேலே நின்றவர்களின் உள்ளங்கை. சில நாள் மஞ்சள், சில நாள் குங்குமம், ஒரு முறை சிமெண்ட் தூள். வேலைக்குப் போகிற வழியில் யாரோ வந்துவிட்டுப் போயிருக்கிறார். துணியை எடுத்துத் துடைப்பதற்கு முன் நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன். பேர் தெரியாது, ஹாஜத்து என்னவென்று தெரியாது. 'யா அல்லாஹ், இந்த உயரத்தில் அழுதவருக்கு லேசாக்கு' என்று கேட்டுவிட்டுத் துடைப்பேன். நீ கேட்ட அனுபவம் எனக்கு உண்டென்றால் அது இந்த இடத்தில்தான்.

காதில் விழுவதும் உண்டு. கதவோரம் நிற்பதால் முணுமுணுப்பெல்லாம் கேட்கும். கடன், மலடு என்ற ஏச்சு, ஓடிப்போன புருஷன், விசா, பரீட்சை. கை, கால், கண், தொட்டில், படகு என்று தகட்டில் அடித்த உருவங்களைக் காணிக்கையாக வைப்பார்கள். எதை வைக்கிறார் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அது அமானிதம். நம் தெருப் பெண் ஒருத்தி என்ன கேட்டாள் என்பது உன் வீட்டுச் சோற்றுப் பாத்திரம் வரைக்கும்கூட வரக்கூடாது.

ஒருநாள் கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு மீனவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கைலி முழங்காலுக்கு மேலே. நேராக வாசலுக்கு வந்து எஜமானைப் பார்த்துச் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். 'ஏன்யா, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? வல போச்சுன்னு போன மாசமே வந்து சொன்னேன்ல? இப்ப போட்டும் போச்சு. நான் யாருகிட்ட போயி நிக்கிறது?' பக்கத்தில் நின்றவர்கள் அவரை வெளியே தள்ளச் சொன்னார்கள். நான் அசையவில்லை. கத்தி முடித்தார், முகத்தைத் துண்டால் துடைத்தார், சர்க்கரைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்துப் பாத்திஹா ஓதச் சொன்னார், காரைக்கால் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார். நான் துஆவுக்குக் கையை ஏந்தினால் அரபியில் மனப்பாடமாக வரும். அந்த மனிதர் பேசிய மாதிரி ஒரு வார்த்தை வந்ததில்லை. நம்மிடம் வருகிறவர்களில் பெருவாரி இந்துக்கள். 131 அடிப் பெரிய மனாராவைக் கட்டிக்கொடுத்ததே தஞ்சை மராட்டிய அரசர் பிரதாப் சிங். முற்றத்தில் உரக்கப் பேச யாருக்கு உரிமை என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு. புத்தி பேதலித்தவர்களை ஜின் என்றும் செய்வினை என்றும் சொல்லி அழைத்து வருவார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக்கொட்டகை எரிந்தது. ஏர்வாடி தர்காவை நம்பி வந்த குடும்பங்கள் அங்கே விட்டுவிட்டுப் போன 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அந்தக் காப்பகத்தைத் தர்கா நடத்தவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த மக்கள் எதை நம்பி அங்கே வந்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். பிறகு குஜராத்தில் மீரா தாதார் தர்காவிலும், ஏர்வாடியிலேயும், மருந்தையும் துஆவையும் ஒரே இடத்தில் தருகிற 'தவா-துவா' ஏற்பாடு வந்தது. நீ தனியாகச் செய்யக்கூடியது சின்னது. மயிலிறகைத் தலையில் வைக்கச் சொல்லிக் கூட்டி வருகிறவர்களிடம் முதலில், 'மாத்திரை கொடுத்தீங்களா?' என்று கேள். 'எஜமான் இருக்காங்க, மாத்திரை எதுக்கு' என்று எவனாவது சொன்னால், அவன் நம் கூட வேலை செய்கிறவனாக இருந்தாலும், அங்கேயே மறுத்துப் பேசு. யார் கையிலாவது கயிறோ சங்கிலியோ பார்த்தால் அலுவலகத்துக்குச் சொல்லாமல் வீட்டுக்குப் போகாதே.

பணத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. சட்டையில் பை வைக்காமல் தைத்துக்கொள். தையல்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். காசு நீட்டுகிறவர்களுக்கு உண்டியல் இருக்கும் திசையைக் காட்டு.

உன்னோடு அறையில் இருக்கிற தம்பி, தர்காவே இணைவைப்பு என்று சொல்கிறாராம். பதில் எழுதித் தரச் சொல்கிறாய். வாதத்துக்குப் போகாதே. அவர் பயப்படுகிற பயம் வெறும் பயமில்லை. கப்றை ஸுஜூதுக்குரிய இடமாக்காதீர்கள் என்று கடுமையாக எச்சரித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்). முதலில் கப்று ஜியாரத்தைத் தடுத்திருந்து பிறகு போகச் சொன்னவர்களும், ஜன்னத்துல் பகீஃக்குப் போய் அடங்கியிருப்பவர்களுக்கு ஸலாம் சொன்னவர்களும் அவர்கள்தான். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உன் கால் நிற்க வேண்டும். ஸலாம் சொல், யாசீன் ஓது, கேட்பதை அல்லாஹ்விடம் கேள். நம் ஆட்களில் யாராவது தரையில் நெற்றியை வைத்தால் தோளைத் தொட்டு எழுப்பு, சத்தம் போடாதே. வெளியூர்க்காரர் வைத்தால் அவருக்கு அது வணக்கமா மரியாதையா என்று உனக்குத் தெரியாது, விட்டுவிடு. அந்தத் தம்பியின் கேள்வியை மட்டும் மறக்காதே. வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதை நீயே உன்னிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கேட்காதவர்கள் மெல்ல மெல்ல எஜமானுக்கு ஏஜெண்டாகிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று நீ சின்னப் பிள்ளை. கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு நம் பையன்கள் சடலங்களைத் தூக்கிவந்தார்கள். யார் இந்து, யார் முஸ்லிம், யார் கிறிஸ்தவர் என்று பார்க்க உடம்பில் அடையாளம் எதுவும் மிஞ்சவில்லை; குழி வெட்டி அடக்கினோம். நானும் மண்வெட்டி பிடித்தேன். அந்த வாரம் யாரும் என்னிடம் கராமத்து கேட்கவில்லை. தண்ணீர் கேட்டார்கள், மாற்றுத்துணி கேட்டார்கள், காணாமல் போன பிள்ளையின் போட்டோவைக் காட்டிக் கேட்டார்கள். தர்கா என்பது எதற்கு என்ற சந்தேகம் எனக்கு அதன் பிறகு வந்ததில்லை.

நீ இருக்கிற ஊரிலேயே தெலுக் ஆயர் தெருவில் நம் நாகூர் தர்காவின் நினைவிடம் இருக்கிறது. 1828 முதல் 1830 வரை நம் கரையிலிருந்து போனவர்கள் கட்டியது. பினாங்கிலும் ஒன்று உண்டு. இரண்டிலும் எஜமான் அடங்கியிருக்கவில்லை. உள்ளே யாரும் இல்லாத இடத்தையும் கடல் தாண்டிப் போனவர்கள் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றி வைத்தார்கள். கிளம்புவதற்கு முன் ஒருநாள் அங்கே போய், வாசல் ஓரமாக நின்று, வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார். தெருக்காரர்கள், சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். உனக்குப் பொழுது போகவில்லை என்றால் இங்கேயும் போகாது. அதையும் ஒளிக்காமல் எனக்கு எழுது, வேறு வேலை பார்க்கலாம்.

வருவதாக இருந்தால் ஜமாதுல் ஆகிர் பிறைக்கு முன்னால் வந்து சேர். கந்தூரிக் கொடி ஏறிவிட்டால் உனக்கு எதையும் சொல்லிக்கொடுக்க எனக்கு நேரம் இருக்காது. முதல் வேலையாகச் சந்தனம் அரைக்க உட்கார வைப்பேன். அரசாங்கம் தருகிற சந்தனக் கட்டையைப் பன்னீர் விட்டுக் கல்லில் இழைக்க வேண்டும். சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்து வந்ததும், விடிவதற்கு முன் தர்காவின் கலிபா அந்தச் சந்தனத்தை ரவுலாவில் பூசுவார். பன்னீரை அதிகம் ஊற்றினால் வழிந்துவிடும். குறைந்தால் கட்டை கல்லைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் நாள் தோள்பட்டை வலிக்கும், விரல் நுனி உரியும். அரைக்கும்போது பேச்சு வேண்டாம், ஸலவாத்து ஓதிக்கொண்டிரு. நகத்தை வெட்டிக்கொண்டு வா.

துஆவுடன்,
மாமா