குறையைத் திருத்துமுன் இடத்தைக் கண்டுபிடியுங்கள்



நம் பிள்ளைகளில் சிலர் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கும் வீடியோ எடிட்டிங்கும் கற்று வருகிறார்கள். இரண்டு தொழிலிலும் வேலை பாதியில் நின்றுபோகும் நாள் வரும். பதற்றத்தில் கண்ட செட்டிங்கையெல்லாம் மாற்றினால், முதலில் இருந்த குறை எது, நாமே உண்டாக்கியது எது என்று தெரியாமல் போய்விடும்.

பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்ததைப் பாருங்கள். டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட், 1979 ஆகஸ்ட் 10 அன்று ஏவத் தயாராக இருந்தது. சில நிமிடங்களே இருந்தபோது கணினி குறை இருப்பதாகக் காட்டி நிறுத்தியது. கசிவு இருந்தாலும் கையிருப்பு போதும் என்று வல்லுநர்கள் கருதியதால் ராக்கெட் ஏவப்பட்டது. 317 விநாடிகளில் வங்கக் கடலில் விழுந்தது. பிறகு ஆராய்ந்தபோது, ஒரு வால்வில் தூசி சிக்கி அது மூடாமல் நின்றதும், இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்புக்கான நைட்ரிக் அமிலம் வழிந்துபோனதும் தெரியவந்தது. காரணம் தெரிந்த பிறகு, 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

எச்சரிக்கையை அலட்சியம் செய்யக் கூடாது. காரணத்தை ஊகிக்காமல் தேடிக் காண வேண்டும். இந்தப் பாடத்தை நம் வேலைக்கும் பொருத்திப் பார்ப்போம்.

வீடியோ எடிட்டிங்கில்:

1. நிக்காஹ் வீடியோவை மறுபடி எடுக்க முடியாது. எனவே முதலில் அசல் கோப்புகளை வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள்.

2. போகப்போக உதட்டசைவும் பேச்சும் விலகுகிறதா? கைபேசி வீடியோவில் ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருப்பது காரணமாக இருக்கலாம். இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்’ தேர்ந்தெடுத்து, மாற்றிய நகலை எடிட் செய்யுங்கள். முதலிலிருந்தே ஒரே அளவு விலகியிருந்தால் ஒலியை நகர்த்தினால் போதும்.

3. எக்ஸ்போர்ட் எப்போதும் ஒரே இடத்தில் நின்றால், டைம்லைனில் அங்குள்ள கிளிப்பையோ எஃபெக்ட்டையோ நீக்கிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நின்றால், டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, கணினி சூடாகிறதா என்று பாருங்கள்.

டெஸ்டிங்கில்:

1. குறையை மறுபடி வரவழைத்துப் பாருங்கள். என்னென்ன செய்தபோது வந்தது, என்ன வர வேண்டும், என்ன வந்தது, எந்தக் கைபேசி, ஆப்பின் எந்த வெர்ஷன் என்று எழுதுங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் யாராலும் திருத்த முடியாது.

2. ஆட்டோமேஷன் டெஸ்ட் ஒரு நாள் பாஸ், மறுநாள் ஃபெயில் என்று வந்தால், பக்கம் முழுதாகத் திறக்குமுன் பட்டனை அழுத்துகிறதா என்று பாருங்கள். பட்டன் தயாராகும்வரை காத்திருக்கும்படி எழுதுங்கள்.

இரண்டு தொழிலிலும் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதையும் அதன் பலனையும் நோட்டில் குறியுங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

அவசரப்படுத்துகிறார்கள் என்பதற்காகச் சோதிக்காததைச் சோதித்ததாக எழுதாதீர்கள். நம்மை நம்பி ஒப்படைத்த வேலை அமானிதம். ‘இதை இன்னும் பார்க்கவில்லை’ என்று எழுதிக் கொடுப்பவரையே நாளை நம்பி அழைப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.