பிளக்கின் கரியைப் படிப்போம்

மோட்டார் வண்டியின் முன்மூடியைத் திறந்து பார்ப்பது ஆண்பிள்ளைகளின் வேலை என்ற எண்ணம் நம் வீடுகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. வண்டி திணறி நின்றால் நாம் இறங்கி ஓரமாக நிற்போம். யாராவது வந்து பார்ப்பார்கள். ஆனால் பள்ளியில் மின்சாரமும் எரிதலும் படித்த மாணவிக்கு, பழைய பெட்ரோல் வண்டியின் நோயை அறியத் தேவையானவற்றில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியை நான்கு ஸ்பார்க் பிளக்குகளே சொல்லிவிடும். எப்படி என்று காண்போம்.

1961ஆம் ஆண்டு நம் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. அதே ஆண்டில் சென்னையில் இங்கிலாந்து டிரையம்ப் ஹெரால்டு கார், ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் வெளிவரத் தொடங்கியது. 948 சி.சி., நான்கு சிலிண்டர். மறு ஆண்டு இங்கிலாந்தில் இதன் அடிச்சட்டத்தையே குறுக்கி ‘ஸ்பிட்ஃபயர்’ என்னும் ஸ்போர்ட்ஸ் காரை அமைத்தார்கள். நம் நாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க எத்தனை பேருக்கு வசதி இருந்தது? ஹெரால்டையே முடுக்கிச் சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் விட்டார்கள். அதன் முன்மூடி முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே எஞ்சினைப் பார்க்கலாம். மாணவியர் கற்பதற்கு இதைவிட வசதியான வண்டி இல்லை என்பது நம் கருத்து.

பிளக் செய்யும் வேலை சிறியது. காயிலிலிருந்து வரும் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின் அழுத்தம், பிளக்கின் முனையில் உள்ள சிறு இடைவெளியைத் தாண்டும்போது பொறி பறக்கிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை தீப்பற்றுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால் ஒவ்வொரு பிளக்கும் வினாடிக்கு 25 முறை பொறி தர வேண்டும். நடுக்கம்பியைச் சுற்றி வெள்ளைப் பீங்கான் இருக்கிறதே, அது மின்சாரம் வேறு வழியில் போகாமல் தடுக்கிறது. அந்தப் பீங்கானின் மூக்கில் கரி படிந்தால்தான் தொல்லை.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க்காரர்களுக்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. உப்பளங்களின் ஓரம் செல்லும் மின்கம்பங்களின் பீங்கான் குமிழ்களில் உப்பு படியும். பனி இறங்கிய இரவில் அந்த உப்பு நனைந்தால் மின்சாரம் அதன் வழியே கசிந்து, ‘உஸ்’ என்று இரையும். சில வேளை பொறியும் தெரியும். பிளக்கிலும் இதுவே நடக்கிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். இடைவெளியைத் தாண்டிக் குதிப்பதற்குப் பதிலாக, மின்சாரம் கரியின் மீது ஊர்ந்து வண்டியின் உடலுக்குப் போய்விடுகிறது. பொறி இல்லை; எஞ்சின் ‘மிஸ்’ அடிக்கிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிவிட, தேய்மானமும் கூடுகிறது.

பிளக்கின் மூக்கு சுமார் 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டினால் படிந்த கரி தானே எரிந்துபோகும். 850 டிகிரியைத் தாண்டினாலோ பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனையே உருக்கிவிடக்கூடும். பந்தய வண்டிக்கு வெப்பத்தை விரைவாக இறக்கிவிடும் ‘கோல்டு’ பிளக் போடுவார்கள். அதே பிளக்கோடு கிரேட் காட்டன் சாலை நெரிசலில் ஊர்ந்தால், மூக்கு சூடேறாமல் ஒரே நாளில் கரி பிடித்துவிடும். வேகமாக ஓடப் பிறந்த வண்டி மெதுவாக ஓடியே நோய்ப்படுகிறது என்பது வேடிக்கைதான்.

இனிப் பிளக்கைக் கழற்றுவோம். வண்டியை நன்றாக ஓட்டிவிட்டு உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். நின்ற இடத்தில் உறுமவிட்டுப் பார்த்தால் எல்லாப் பிளக்கும் கறுப்பாகத்தான் தெரியும். எஞ்சின் ஆறியதும் பிளக்கைச் சுற்றியுள்ள மணலைத் துடைத்துவிட்டு, எது எந்தச் சிலிண்டருக்கு உரியது என்று வரிசையாக ஒரு அட்டையில் வைத்துக்கொள்ள வேண்டும். முத்து பார்ப்பவர்களைப் போல் நாமும் பகல் வெளிச்சத்திலேயே பார்ப்போம்.

மூக்கு இளம் பழுப்பாக, பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நலம். உலர்ந்த, விரலில் ஒட்டும் புகைக்கரி என்றால் பெட்ரோல் மிகுதி அல்லது பொறி பலவீனம். எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். சோக் திரும்பாமல் சிக்கிக்கொண்டாலும் ஏர் ஃபில்டரில் தூசி அடைத்தாலும் அந்தக் கணக்குக் கெடும். ஈரமாகி பெட்ரோல் வாசனை வந்தால் அங்கே பொறியே விழவில்லை. பளபளக்கும் எண்ணெய்க் கரி என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது.

பெட்ரோல் மிகுந்தால் எஞ்சின் மூச்சுமுட்டி நிற்கும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் மெர்லின் எஞ்சின் பூட்டிய பிரிட்டிஷ் விமானங்கள் திடீரென மூக்கைத் தாழ்த்தினால் கார்புரேட்டரில் பெட்ரோல் வெள்ளமாகி எஞ்சின் தடுமாறியது. 1941இல் சிறு துளையுள்ள ஓர் உலோகத் துண்டால் அதைச் சமாளித்தவர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியியலாளர். அவர் புரூக்லாண்ட்ஸ் களத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். போருக்குப் பின் கார்ப் பந்தயங்களிலும் கலந்துகொண்டார்.

நிறத்தைப் பார்ப்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: நான்கும் ஒரேவிதமாக இருக்கின்றனவா, ஒன்று மட்டும் வேறுபடுகிறதா? நான்கும் கறுப்பென்றால் நான்குக்கும் பொதுவானதைப் பார்க்க வேண்டும்: கார்புரேட்டர், சோக், ஃபில்டர், காயில். ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்தப் பிளக்கைச் சுத்தம் செய்து இன்னொரு சிலிண்டரில் போட்டு, அங்கிருந்ததை இங்கே மாற்றி, மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நோய் பிளக்கோடு சென்றால் பிளக்கை மாற்றினால் போதும். பழைய இடத்திலேயே இருந்தால் ஒயரிலோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலோ சிலிண்டரிலோ குறை. கடற்காற்று அடிக்கும் நம் ஊரில் மூடியையும் ஒயரையும் முதலில் துடைத்துப் பார்ப்பது நல்லது.

எண்ணெய்க் கரி வந்தால் பலரும் ‘எஞ்சினை இறக்கி போர் பண்ண வேண்டும்’ என்று சொல்லிவிடுவார்கள். அது ஒரு குடும்பத்தின் பல மாதச் சம்பளம். எத்தனையோ பழைய வண்டிகள் அந்த ஒரு வார்த்தையால் உடைப்புக்குப் போயிருக்கின்றன. அதற்கு முன் கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். அழுத்தம் குறைவான சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்க, அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. முதலிலேயே அழுத்தம் சரியாக இருந்து கரி மட்டும் படிந்தால் வால்வு கைடைச் சந்தேகிக்கலாம். அதற்கு மேல்தலையைக் கழற்றினால் போதும். எஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

சுத்தம் செய்யும்போது பெட்ரோலில் நனைத்துப் பித்தளை பிரஷ்ஷால் மெல்லத் தேய்க்கலாம். உப்புத்தாள் வேண்டாம், அதன் துகள் உள்ளே போனால் சிலிண்டரைக் கீறும். இடைவெளியைச் சுமார் 0.025 அங்குலமாக வைக்க, ஓரக் கம்பியை மட்டுமே வளைக்க வேண்டும். ஓடும் எஞ்சினின் பிளக் ஒயரைக் கையால் தொடவே கூடாது.

பழைய அலமாரியில் கிடைத்த பிளக்கில் மஞ்சள் நிறப் பூச்சு இருந்தால் சிறுமியர் தொட வேண்டாம். அது ஈயம். எஞ்சின் தட்டாமலிருக்கப் பெட்ரோலில் ஈயக் கூட்டுப்பொருளைச் சேர்க்கும் முறை 1921இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. பிளக்கைக் கெடுத்த அதே ஈயம் தெருப்புகையோடு குழந்தைகளின் இரத்தத்திலும் கலந்து மூளை வளர்ச்சியைப் பாதித்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் அது நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. அத்தகைய பிளக்கை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது.

இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய கார்புரேட்டருக்கு இது கலவையை மெலியச் செய்யும். அப்போது மூக்கு கறுப்பதற்குப் பதில் வெளுக்கும். வெளுத்திருந்தால் ஜெட்டைச் சரிபார்ப்பதோடு, பெட்ரோல் வரும் ரப்பர் குழாய் இளகியோ வெடித்தோ இருக்கிறதா என்றும் தடவிப் பார்க்க வேண்டும்.