பூச்சிகளின் நாள்தாளமும் வேதிப்பொருள்களும்: ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வரும் இளையவருக்கு ஒரு கடிதம்

பூச்சியின் உடலுக்குள் போகும் ஒரு வேதிப்பொருள் அதன் தசைகளைத் தொடலாம். தூக்கத்தையும் விழிப்பையும் ஆளும் நரம்புகளைத் தொடலாம். ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றை நடத்தும் உயிர்க் கடிகாரத்தையே தொடலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்: பூச்சி கூடுதலாக நடமாடுகிறது, அல்லது குறைவாக நடமாடுகிறது. நடமாட்டம் கடிகாரத்தின் முள் மட்டுமே. முள்ளைப் பிடித்து நிறுத்தினாலும் உள்ளே சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கலாம். ஒரு பொருளைக் கொடுத்ததும் ஈயின் நடை மாறியது என்பதற்காக ‘கடிகாரம் மாறிவிட்டது’ என்று எழுதிவிடுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நேரும் பிழை. புதியவர் முதலில் பழக வேண்டியது இவற்றைப் பிரித்துப் பார்க்கும் பொறுமை.

கடிகாரம் மரபணுவில் இருக்கிறது என்று காட்டிய ஆய்வே ஒரு வேதிப்பொருளில் தொடங்கியதுதான். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ரொனால்ட் கொனாப்காவும் சீமோர் பென்சரும் மரபணுவைச் சிதைக்கும் பொருளை டிரோசோபிலா ஈக்களுக்குக் கொடுத்து, அவற்றின் சந்ததியில் நேரம் தவறியவற்றைத் தேடினார்கள். 1971இல் வெளியான அவர்களது கட்டுரையில் மூன்று வகை ஈக்கள் வருகின்றன. ஒன்றின் நாள் சுமார் 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28 மணி நேரம், மூன்றாவதற்குத் தாளமே இல்லை. மூன்றிலும் பழுதானது ஒரே மரபணு. ‘பீரியட்’ என்று பெயர் பெற்ற அந்த மரபணு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பின்னர் விளக்கியதற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த மரபணு உண்டாக்கும் புரதம் இரவில் சேர்ந்து, உட்கருவுக்குள் போய், தன்னை உண்டாக்கிய மரபணுவையே அடக்குகிறது. பிறகு சிதைகிறது, அடக்கம் நீங்க, மறுபடி உண்டாகிறது. எவ்வளவு வேகமாகச் சேரும், எப்போது சிதையும் என்பதைச் சில நொதிகள் தீர்மானிக்கின்றன. ஒரு வேதிப்பொருள் கடிகாரத்துக்குள் நுழையக்கூடிய வாசல்களில் முக்கியமானவை இவைதான். லித்தியம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதை உணவில் கலந்து கொடுத்தால், தொடர் இருட்டில் வைத்த டிரோசோபிலாவின் சுற்று நீள்கிறது. லித்தியம் தடுக்கும் நொதிகளில் ஒன்று ஜிஎஸ்கே-3. ஈயில் அந்த நொதிக்கான மரபணுவின் பெயர் ‘ஷேகி’. அதை மிகையாக இயக்கினால் சுற்று குறுகுகிறது. நொதியைக் கூட்டினால் குறுக்கம், தடுத்தால் நீட்சி. மருந்தும் மரபணுவும் இப்படி ஒத்துப்போகும்போதுதான் கடிகாரத்தைப் பற்றித் துணிந்து பேச முடியும். எல்லாப் பொருள்களும் இவ்வளவு தெளிவாகப் பிடி கொடுப்பதில்லை. கனநீரும் சுற்றை நீட்டுகிறது. ஆனால் அது செல்லின் எல்லா வேலைகளிலும் தலையிடுவதால், எந்த இடத்தைத் தொட்டு நீட்டியது என்று சொல்வது கடினம்.

கடிகாரத்தின் செய்தியை உடலுக்கு எடுத்துச் செல்வதும் வேதிப்பொருள்தான். ஈயின் மூளையில் பக்கத்துக்கு எட்டு நரம்பணுக்கள் பிடிஎஃப் என்ற பெப்டைடைச் சுரக்கின்றன. அது இல்லாத ஈக்கள் விளக்கு எரியும் முன்பே விழித்து நடமாடும் வழக்கத்தை இழக்கின்றன. தொடர் இருட்டில் பெரும்பாலானவற்றின் தாளம் சில நாள்களில் குலைந்துவிடுகிறது. டோபமின் வேறு வகை. அதைத் திரும்ப உறிஞ்சும் புரதம் பழுதான ‘ஃபுமின்’ ஈக்கள் மிகக் குறைவாகவே தூங்கும். இங்கே மாறுவது விழிப்பின் அளவு.

அளக்கும் முறையைக் கையால் தொட்டுப் பழகாமல் இதில் எதுவும் புரியாது. பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் இருப்பது டிரைகைனெடிக்ஸ் நிறுவனத்தின் கருவி. 5 மி.மீ. அகலமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் அகாரும் சர்க்கரையும் கலந்த உணவு, மறுமுனையில் பஞ்சு, நடுவில் ஓர் அகச்சிவப்புக் கதிர். ஒரு குழாய்க்கு ஓர் ஈ. அது கதிரைக் கடக்கும்போதெல்லாம் ஓர் எண் ஏறும். ஆண் ஈக்களையே பலரும் வைப்பதற்குக் காரணம் உண்டு: இணைந்த பெண் ஈ முட்டையிட்டால், சில நாள்களில் புழுக்கள் உணவைக் கிளறிக் கூழாக்கிவிடும், மருந்தின் அளவு என்னவென்றே தெரியாமல் போகும். 12 மணி நேர வெளிச்சம், 12 மணி நேர இருட்டு என்று சில நாள்கள் பழக்கிவிட்டுத் தொடர் இருட்டுக்கு மாற்ற வேண்டும். விளக்கு எரிவதும் அணைவதுமே ஈயைத் துள்ள வைக்கும் என்பதால், வெளிச்சச் சுழற்சியில் மட்டும் எடுத்த பதிவை வைத்துக் கடிகாரத்தின் வேகத்தைச் சொல்ல முடியாது.

இனி காஃபீன். ஈயின் ஓய்வு உண்மையிலேயே தூக்கம்தான் என்று 2000இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின; காஃபீன் அந்தத் தூக்கத்தைக் குறைக்கும் என்பதும் அப்போதே தெரிந்தது. மனிதரைப் போலவே, தூக்கத்தைத் தூண்டும் அடினோசினின் ஏற்பியை அடைத்துத்தான் குறைக்கிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த ஏற்பி இல்லாத ஈக்களிலும் காஃபீன் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. இதைவிட எளிதாகக் கண்ணில் படாமல் போகும் சிக்கல் ஒன்று உண்டு. காஃபீன் ஈக்குக் கசக்கும். கசக்கும் உணவை ஈ குறைவாகத் தின்னும். பசித்த ஈ தூங்காமல் உணவு தேடி அலையும். குழாயில் எண்கள் ஏறுவது காஃபீனாலா, பட்டினியாலா என்று கருவி சொல்லாது. உணவில் நீலச் சாயம் கலந்து வயிற்றில் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்ப்பது ஒரு வழி. காஃபீனின் கசப்பை உணராத திடீர்மாற்ற ஈக்களிலும் அதே சோதனையைச் செய்வது இன்னொன்று. கூடுதல் வேலைதான்; அதைச் செய்யாத முடிவை நம்புவதற்கில்லை.

கரைப்பானும் ஏமாற்றும். நீரில் கரையாத பொருளை எத்தனாலில் கரைத்துக் கொடுப்பது வழக்கம். எத்தனாலே குறைந்த அளவில் ஈயைத் துடிப்பாக ஓடவைத்து, அளவு கூடினால் மயக்கிப் படுக்க வைக்கும் பொருள். ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே அளவு கரைப்பான் போக வேண்டும்.

எண்களைப் படிப்பதிலும் பொறிகள் உண்டு. ஐந்து நிமிடம் அசைவில்லை என்றால் தூக்கம் என்று கணக்கு. நச்சேறிச் செயலிழந்து கிடக்கும் ஈயும் அந்தக் கணக்கில் தூங்குகிற ஈதான். தட்டினால் எழுகிறதா, மருந்தை நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மொத்த நடமாட்டத்தோடு, விழித்திருக்கும் ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை கதிரைக் கடந்தது என்பதையும் கணக்கிட்டால், அதிகம் ஓடும் ஈயையும் அதிக நேரம் விழித்திருக்கும் ஈயையும் பிரித்தறியலாம். சுற்றின் சராசரியைக் கணக்கிடும்போது தாளமற்ற ஈக்கள் பட்டியலிலிருந்து விலக்கப்படுகின்றன. பாதி ஈக்களின் தாளத்தை ஒரு மருந்து அழித்துவிட்டாலும், மீதிப் பாதியின் சராசரி 24 மணி நேரத்தை ஒட்டியே நிற்கக்கூடும். தாளம் இழந்தவை எத்தனை, செத்தவை எத்தனை என்பதை அட்டவணையில் தனியாகக் காட்டாத கட்டுரை பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

மருந்து கொடுத்த மணியையும் குறித்தாக வேண்டும். நச்சை முறிக்கும் நொதிகளில் பலவும் நாள்தாளத்தோடு ஏறி இறங்குபவை. ஒரே அளவு பூச்சிக்கொல்லி ஒரு வேளையில் கொல்லும், இன்னொரு வேளையில் தப்ப விடும்.

பூச்சிக்கொல்லி நாள்தாளத்தைத் தொட்டால் வயலில் அதன் விளைவு பெரியது; எல்லாப் பூச்சிக்கொல்லியும் அப்படித் தொடுவதில்லை. பைரித்ராய்டுகள் நரம்பின் சோடியக் கால்வாயை மூடவிடாமல் பிடித்துக்கொள்வதால் பூச்சி துடித்து விழுகிறது. இந்தத் துடிப்பு கடிகாரத்தின் வழியே வருவதல்ல. இமிடாகுளோபிரிட் போன்ற நியோநிகோட்டினாய்டுகள் தாக்குவது அசெட்டில்கோலின் ஏற்பிகளை. கடிகார நரம்பணுக்களுக்கு வரும் செய்திகளிலும் அசெட்டில்கோலினுக்குப் பங்குண்டு. பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், கொல்லாத அளவு இமிடாகுளோபிரிட் உண்ட பம்பிள் தேனீக்களின் இரைதேடல் குறைந்து, தாளம் குலைந்து, பகல் தூக்கம் கூடியது. பகலில் திறந்து மூடும் பூக்களை நம்பி வாழும் பூச்சிக்கு இது சிறிய இழப்பல்ல. கொல்லும் அளவை மட்டும் பார்க்கும் சோதனையில் இப்படிப்பட்ட கேடு தெரியவே தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இமிடாகுளோபிரிட் உட்பட மூன்று நியோநிகோட்டினாய்டுகளைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிய பிறகு மாலையில் தெளிக்கலாம் என்ற வழக்கமான அறிவுரையும் இங்கே போதாது: விதையில் பூசப்பட்ட மருந்து செடியின் சாற்றோடு ஏறி, பூந்தேனிலும் மகரந்தத்திலும் எல்லா வேளையிலும் இருக்கிறது.