பிறர் பெயரை முன்மொழியும் பேறு

பணியிடங்களில் இருவகை உழைப்பாளிகளைக் காண்கிறோம். தாம் செய்ததை எடுத்துரைக்கத் தெரிந்தவர் ஒரு வகையினர். ஒரு வேலை முடிந்ததும் ஓசையின்றி அடுத்த வேலையில் ஈடுபடுபவர் மற்றொரு வகையினர். விருதுக் குழுவினரோ தொலைவில் இருப்பவர்கள். இரண்டாம் வகையினரை அவர்கள் அறிய வேண்டுமாயின், உடனிருந்து கண்டவர் எவரேனும் எழுத வேண்டும். சக ஊழியர் ஒருவரைப் பாராட்டுக்காக முன்மொழிவது ஆதலால் சிறிய உதவியன்று. அது நம்முடைய கடமையும் ஆகும்.

விடுபட்ட ஒரு பெயர்

1903-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசுக்காகப் பிரெஞ்சு அறிவியல் கழக உறுப்பினர் நால்வர் பரிந்துரை அனுப்பினர். கதிரியக்க ஆய்வுக்காக ஹென்றி பெக்கரல், பியேர் கியூரி ஆகிய இருவரின் பெயர்களே அதில் இருந்தன. பொலோனியம், ரேடியம் ஆகிய தனிமங்களைக் கண்டறிவதில் கணவருக்கு இணையாக உழைத்த மேரி கியூரியின் பெயர் இல்லை. இத்தனைக்கும் கையெழுத்திட்டவர்களுள் ஒருவரான லிப்மன், மேரியின் ஆய்வை நன்கறிந்தவர்.

ஸ்வீடன் நாட்டுக் கணித அறிஞர் மித்தாக்-லெஃப்ளர் இச்செய்தியைப் பியேருக்குத் தெரிவித்தார். பியேர் வாளாவிருக்கவில்லை. தம்மைக் கருதுவதாயின் மேரியையும் சேர்த்தே கருத வேண்டும் என்று மறுமொழி எழுதினார். 1902-இல் மருத்துவ அறிஞர் சார்ல் பூஷார் மேரியை முன்மொழிந்து அனுப்பியிருந்த கடிதமும் துணை நின்றது. பரிசு மூவருக்கும் வழங்கப்பட்டது. 1911-இல் வேதியியல் பரிசை மேரி தனியாகவே பெற்றார்.

மேரியின் உழைப்பில் எக்குறையும் இருந்ததில்லை. தாளில் பெயரெழுத வேண்டியவர்களிடமே குறை இருந்தது என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

காலம் தாழ்த்தலாகாது

கேம்பிரிட்ஜில் ராமானுஜனுடன் இணைந்து ஆய்வு செய்த ஹார்டி, லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதிக்கு அவரை முன்மொழிய முனைந்து நின்றார். ராமானுஜன் அப்போது கடுமையாக நோயுற்றிருந்தார். 1918-ஆம் ஆண்டு மே மாதம் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1920 ஏப்ரலில் மறைந்தார். ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்று ஹார்டி தள்ளிப் போட்டிருந்தால் அப்பெருமை ராமானுஜனின் கையில் சேர்ந்திருக்குமா? ராமானுஜனுடன் கொண்ட தொடர்பைப் பிற்காலத்தில் ஹார்டி தம் வாழ்வின் பெரும்பேறாகவே போற்றினார்.

முன்மொழிபவர் அடைவது என்ன?

நோபல் பரிசு விதிகளின்படி ஒருவர் தம்மைத் தாமே முன்மொழிய இயலாது. மேலும், முன்மொழிந்தவர் யார் என்பது 50 ஆண்டுகள் வரை வெளியிடப்படுவதில்லை. ஆகவே முன்மொழிபவருக்குப் புகழில்லை. ஆயினும் அவர் பெறும் பயன்கள் மூன்று.

முதலாவது, பார்வை தெளிவடைகிறது. ஒருவரின் நற்பணியை எழுத அமரும்போது, அதுவரை நாம் கவனியாதிருந்த அவரது பொறுமையும் நேர்மையும் கண்ணில் படுகின்றன.

இரண்டாவது, பொறாமை தேய்கிறது. வள்ளுவர் அழுக்காறாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அதனைப் பழகுவதற்கு, நமக்கு இணையானவரின் உயர்வுக்காக நம் கையால் எழுதுவதினும் நல்ல பயிற்சி அரிது.

மூன்றாவது, பணியிடம் மாறுகிறது. உழைப்பு கவனிக்கப்படுகிறது என்று அறிந்த இடத்தில் பிறரும் ஊக்கம் பெறுகின்றனர்.

எழுதும் முறை

நம் நாட்டில் இதற்கு வாய்ப்புகள் பல உள்ளன. 1954-இல் ஏற்படுத்தப்பட்ட பத்ம விருதுகளுக்கு எந்தக் குடிமகனும் இணையவழியே ஒருவரை முன்மொழியலாம். பணிகளின் விவரம் 800 சொற்களுக்குள் அமைய வேண்டும். செவிலியர்க்கென 1973-இல் ஏற்படுத்தப்பட்ட தேசிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் விருது உண்டு. பல நிறுவனங்கள் தத்தம் ஊழியர்க்கும் விருதளிக்கின்றன.

எழுதும்போது அடைமொழிகளைக் குறைத்துச் செயல்களைக் கூறுதல் நன்று. ‘சிறந்த செவிலியர்’ என்பதைவிட, எத்தனை ஆண்டுகள், எந்தப் பிரிவில், எந்த இடர்ப்பாட்டில், என்ன செய்தார் என்பதே தேர்வுக் குழுவினருக்கு உதவும். உள்ளதை மிகைப்படுத்தலாகாது; அவ்வாறு செய்வது உரியவர்க்கே இழுக்காகும். குழுவாகச் செய்த பணியாயின் ஒரு பெயரும் விடுபடாதபடி பார்த்தல் வேண்டும். தேர்வாகவில்லையெனில் சோர்வடையாமல், விதிகள் இடம் தந்தால் மீண்டும் அனுப்பலாம்.

விருது கிடைப்பது நம் கையில் இல்லை. எழுதுவது நம் கையில் உள்ளது. நம் அருகில் அமர்ந்து பணிபுரிபவருள், இதுவரை எவரும் எழுதாத பெயர் எது? அதனை இன்றே எழுதத் தொடங்குவோமாக.